ஏ.சி. போட்டால் எம்.சி.பி. விழுகிறதா? எப்போது விழுகிறது என்று பாருங்கள்

ஏ.சி.யின் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால், அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுப் பார்ப்பதும், அதுவும் பலிக்காதபோது பெரிய எம்.சி.பி.யாக மாட்டச் சொல்வதும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டுமே ஆபத்தானவை. எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் செல்லும் வயரை. 2.5 சதுர மி.மீ. வயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால், வயர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் அது அசையாது.

முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். ‘டெஸ்ட்’ பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால், மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழக்கூடியது. அவுட்டோர் யூனிட்டுக்குள் மழைநீர் இறங்கியிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். இதற்கு எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும்.

விழுந்தது எம்.சி.பி. என்றால், அடுத்துக் கவனிக்க வேண்டியது நேரம். ரிமோட்டைத் தொடுவதற்கு முன்பே, தூக்கிய நொடியில் விழுந்தால் அது ஷார்ட் சர்க்யூட், மறுபடி தூக்காதீர்கள்.

ரிமோட்டை அழுத்தி, கம்ப்ரஸர் கிளம்பும் தருணத்தில் விழுந்தால், ஒருமுறை ஃபேன் மோடில் மட்டும் ஓடவிடுங்கள். அப்போது விழவில்லை என்றால், பழுது பெரும்பாலும் அவுட்டோர் யூனிட் பக்கம் இருக்கும். இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.யில் முதல் சந்தேகம், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெபாசிட்டர் மீதுதான். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் நீங்கள் மூடியைத் திறக்க வேண்டாம். ஏ.சி.யை நிறுத்திய உடனே போட்டாலும் கம்ப்ரஸர் திணறும். மூன்று நிமிட இடைவெளி அவசியம்.

அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு விழுவதுதான் கோடையில் அதிகம் கேட்கும் புகார். நீங்களே சரிசெய்யக்கூடிய காரணங்களும் இதில்தான் உண்டு. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளில் தூசி கம்பளம் போலப் படிந்திருந்தாலோ, அதன் முன்னால் துணி காயப்போட்டிருந்தாலோ வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். தகடுகள் வளையாதபடி மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்துத் தூசியை நீக்குங்கள். மாடிச்சுவருக்கு வெளியே தொங்கும் யூனிட் என்றால் எட்டிப் பிடிக்க முயலாமல் சர்வீஸ் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்தும் விழுந்தால், எம்.சி.பி.யின் திருகு தளர்ந்திருக்கக்கூடும். தளர்ந்த இணைப்பு சூடேறி, மின்னோட்டம் சரியாக இருக்கும்போதே எம்.சி.பி.யை விழச்செய்யும், கருகிய வாடையும் பழுப்பேறிய வயர் முனையும் அதன் அடையாளங்கள். மெயினை நிறுத்தி அதை முறுக்குவது எலக்ட்ரீஷியனின் வேலை.

அவர் வரும்போது ஏ.சி.யை ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 1.5 டன் ஏ.சி. வழக்கமாக 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும், உங்கள் ஏ.சி.க்கான அளவு அதன் லேபிளிலேயே இருக்கும். மீட்டர் அந்த அளவுக்குள் காட்டியும், இணைப்புகள் இறுக்கமாக இருந்தும் விழுந்தால், அதே ஆம்பியரில் புதிய எம்.சி.பி. போதும், மீறிக் காட்டினால் ஏ.சி. மெக்கானிக்கை அழையுங்கள்.