சர்ஃபாக்டன்ட் கொடுத்தாயிற்று, அப்புறம்?

மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் பற்றாக்குறைதான் காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். 1980இல் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்ததைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். மருந்தில் குறையில்லை. கோட்டை விடுவது கொடுக்கும் விதத்திலும், அதைவிட அதிகமாகக் கொடுத்த பிறகும்தான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியைக் குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். கையில் வைத்துச் சூடேற்றி மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பினால் போதும். மூச்சுக்குழலுக்குள் வைத்த ட்யூப் ஆழமாக இறங்கி வலது பக்கக் கிளைக்குள் போயிருந்தால் மருந்து முழுக்க ஒரே நுரையீரலுக்குப் போய்விடும்; இரு பக்கமும் காற்று போகிறதா என்று முதலிலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேளுங்கள். சளியை உறிஞ்சுவதையும் மருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கொடுத்த கையோடு உறிஞ்சினால் மருந்தும் வெளியே வந்துவிடும். கொடுக்கும்போது இதயத் துடிப்பு குறைந்தாலோ, பால்போன்ற திரவம் ட்யூபில் மேலேறி வந்தாலோ சற்று நிறுத்துங்கள், நிலைமை சீரானதும் மீதியைக் கொடுக்கலாம்.

பெரிய தவறு இனிமேல்தான். சில நிமிடங்களிலேயே நுரையீரல் இளகிவிடும். வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவியில்) முன்பு வைத்த அதே அழுத்தம் இப்போது ஒவ்வொரு மூச்சிலும் கூடுதல் காற்றைத் தள்ளும். கவனிக்காவிட்டால் நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்கூட்டில் காற்று சேரலாம். ரத்தத்தில் கரியமில வாயு அளவு சடாரென இறங்கி மூளைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பது சரியல்ல. நெஞ்சு ஏறி இறங்குவதையும் திரையில் தெரியும் காற்றளவையும் பார்த்தே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காற்றளவை நிர்ணயித்து ஓடும் முறையில் வென்டிலேட்டர் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஆக்சிஜனை நாம்தான் திருகிக் குறைக்க வேண்டும். ரத்த ஆக்சிஜன் அளவு திரையில் 100 சதவீதம் என்று தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு அது ஆபத்து. 90 முதல் 95 வரை இருந்தால் போதும்.

சரி, குழந்தைக்குப் பலித்தது பெரியவருக்கும் பலிக்காதா? இந்த நினைப்பும் தவறுதான். 1996இல் வெளியான பெரிய ஆய்வில், கிருமித்தொற்றால் நுரையீரல் செயலிழந்த பெரியவர்களுக்குச் செயற்கை சர்ஃபாக்டன்டை மூச்சில் இழுக்கும் நுண்துளிப் புகையாகக் கொடுத்தும் இறப்பு குறையவில்லை. 2004இல் வெளியான ஆய்வுகளில் நேராக மூச்சுக்குழலிலேயே செலுத்தியபோது ஆக்சிஜன் ஏறியது, உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. பெரியவர்களிடம் பிரச்சினை வெறும் பற்றாக்குறை அல்ல: வீங்கிய நுரையீரலுக்குள் கசியும் ரத்தப் புரதங்கள் புதிதாகக் கொடுத்ததையும் செயலிழக்க வைக்கின்றன. அவர்களுக்கு வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவைக் குறைத்து வைப்பதும், நிலைமை மோசமானால் குப்புறப் படுக்க வைப்பதும்தான் உயிர் காப்பதாக நிரூபணமானவை.