பழைய ஐபாடைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்

அலமாரியின் அடியிலிருந்து பழைய ஐபாட் ஒன்று கிடைக்கிறது. ஆசையோடு மேசைக் கணினியில் செருகுகிறீர்கள். கணினியோ எதுவும் நடக்காததுபோல் இருக்கிறது. உடனே இணையத்தில் தேடி ஏதேதோ மென்பொருள்களை நிறுவத் தொடங்காதீர்கள். அவசரத்தில் ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தினாலும் உள்ளே இருக்கும் பாடல்கள் மொத்தமும் போய்விடும். பத்து வருடங்களுக்கு முன் ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தொகுப்பு அது. ஆகவே, இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

நான் சொல்வது நடுவில் வட்டச் சக்கரம் உள்ள ஐபாட் கிளாசிக், பழைய நானோ போன்றவற்றுக்கு. கிளாசிக் என்ற பெயரில் 2007-இல் வந்து, 2014-இல் விற்பனை நின்ற கருவி அது. கணினி விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொள்கிறேன். ஐபாட் டச்சுக்கு வழி வேறு. அதற்கு ஐட்யூன்ஸ் போன்ற ஆப்பிளின் மென்பொருள் அவசியம்.

படி 1: முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்

யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பிகள் இருப்பதே இல்லை. அப்படி ஒரு கேபிளை வைத்துக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகளை நான் வீணாக்கியிருக்கிறேன். திரையில் பேட்டரிப் படம் நிரம்பிக்கொண்டே இருந்ததால் கேபிளில் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை. சார்ஜ் ஏறுகிறது என்பதால் கேபிள் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இன்னொரு கேபிளைக் கடன் வாங்கியாவது மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, கணினிப் பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். அது தாய்ப்பலகையிலேயே இருக்கிறது. முன்பக்கத் துளைக்கு உள்ளே தனிக் கம்பி ஓடுகிறது, அது தளர்ந்திருக்கலாம். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வழியாக இணைக்க வேண்டாம். ஐபாடின் அடியில் இருக்கும் அகலமான 30 முனைத் துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அங்கே அடைந்திருக்கும். உலர்ந்த, மென்மையான பல் துலக்கியால் மெதுவாகத் தட்டி எடுத்தால் போதும். ஊசி போட்டுக் குத்தாதீர்கள்.

படி 2: பேட்டரி

வருடக்கணக்கில் கிடந்த ஐபாட் செருகியதும் விழித்துக்கொள்ளாது. அரை மணி நேரம் சார்ஜரில் விட்டுவிட்டுப் பிறகு கணினிக்குக் கொண்டுவாருங்கள்.

படி 3: டிஸ்க் மோடுக்குக் கொண்டுபோவது

பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். மேலே உள்ள ஹோல்டு பொத்தானை ஒருமுறை தள்ளி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ‘மெனு’வையும் நடுப் பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் தெரியும்வரை எட்டு விநாடி போல அழுத்திப் பிடியுங்கள். பாடல்கள் அழியாது, கருவி மறுதொடக்கம் மட்டும் ஆகும். சின்னம் தெரிந்ததும் விரல்களை எடுத்து, உடனே நடுப் பொத்தானையும் கீழே இருக்கும் ‘பிளே’ பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டிஸ்க் மோட்’ என்று திரையில் வரும்வரை விடாதீர்கள். முதல் முறை தவறினால் மறுபடி செய்யுங்கள். விரல் மாற்றும் வேகம் பழக வேண்டும். இந்த நிலையில் ஐபாட் ஒரு சாதாரணப் பென்டிரைவ் போலவே நடந்துகொள்ளும்.

படி 4: ஒலி வருகிறது, டிரைவ் தெரியவில்லை

செருகியதும் விண்டோஸ் ஒலி எழுப்புகிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் ஒன்றும் காணோம் என்றால், கணினி கருவியைப் பார்த்துவிட்டது, அதற்கு டி, இ போன்ற டிரைவ் எழுத்துதான் கொடுக்கவில்லை. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’டைத் திறவுங்கள். பட்டியலில் ஐபாடின் கொள்ளளவை வைத்து அதை அடையாளம் காணுங்கள். அதன்மேல் வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் தேர்வுக்குப் போய், யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்தைக் கொடுங்கள்.

இந்த இடத்தில் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து ‘கேன்சல்’ அழுத்துங்கள். முன்பு அந்த ஐபாட் மேக் கணினியில் பயன்பட்டிருக்கலாம். மேக் வடிவமைப்பை விண்டோஸால் படிக்க முடியாது. படிக்க முடியாததை வெற்று டிஸ்க் என்றே அது நினைத்துக்கொள்கிறது. தெரிந்தவரின் மேக்கில் செருகிப் பாருங்கள், பாடல்கள் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

படி 5: ஐட்யூன்ஸுக்கு முன் பாடல்களை நகலெடுங்கள்

கணினியில் ஐட்யூன்ஸ் ஏற்கெனவே இருந்தால், ஐபாடைச் செருகும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டு விசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தானாக ஒத்திசைப்பது நிற்கும். ‘இரேஸ் அண்ட் சிங்க்’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். புதுக் கணினியில் காலியாக இருக்கும் நூலகத்தை அப்படியே ஐபாடுக்குள் இறக்கிவிடும்.

டிரைவைத் திறந்தால் முதலில் பாடல் எதுவும் கண்ணில் படாது. பயப்பட வேண்டாம். ஃபைல் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்ற கோப்புறை தெரியும். அதற்குள் ‘மியூசிக்’. அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகக் கோப்புறைகள். பாடல்களின் பெயர் எல்லாம் நான்கு எழுத்துக் குழப்பமாக இருக்கும். ஆனால் பாடலின் பெயர், பாடியவர், ஆல்பம் ஆகிய விவரங்கள் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ‘மியூசிக்’ கோப்புறையை முழுதாகக் கணினிக்கு நகலெடுத்து விஎல்சி என்ற பாடல் இயக்கும் மென்பொருளில் திறந்தால், சரியான பெயர்களோடு பாடல்கள் வந்து நிற்கும்.

நகல் எடுத்து முடித்து, நாலைந்து பாடல்களைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு ஐட்யூன்ஸை நிறுவலாம். கேபிளைப் பிடுங்குவதற்கு முன் டிரைவில் வலது கிளிக் செய்து ‘இஜெக்ட்’ கொடுங்கள். திரை இன்னும் டிஸ்க் மோடிலேயே நின்றால், மெனுவையும் நடுப் பொத்தானையும் மறுபடி எட்டு விநாடி பிடியுங்கள். வழக்கமான பட்டியல் திரும்பிவிடும்.