பழைய போட்டுக்கு ரீகோல் வந்தால் செய்யவேண்டியவை

கனடாவின் ஒன்ராறியோவில் எங்கட ஆக்கள் வாங்கும் போட்கள் பெரும்பாலும் பழையவை. சிம்கோ ஏரிக்கோ ஸ்கூகொக் ஏரிக்கோ சனி, ஞாயிறில் மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்; இரண்டாம் கை, மூன்றாம் கை என்றுதான் சொல்வார்கள். அப்படி வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தயாரித்த கொம்பனி ஒரு பழுதைக் கண்டுபிடித்து ரீகோல், அதாவது திருத்தித் தருகிறோம் என்ற அழைப்பு, அறிவித்தால் அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது. முதன்முதலில் புதிதாக வாங்கியவரின் வீட்டுக்குப் போகும். அவர் போட்டையும் விற்று, வீடும் மாறிப் போயிருப்பார்.

இங்கே ஓடும் போட்களில் நிறைய அமெரிக்காவில் செய்தவை. அந்த நாட்டுச் சட்டப்படி, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தான பழுது இருந்தால் கொம்பனி முதல் வாங்கியவருக்கு அறிவிக்கவேண்டும். பிறகு வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் கொம்பனியிடம் இருந்தால் அவர்களுக்கும் அறிவிக்கவேண்டும். எல்லாம் அந்த "இருந்தால்" என்ற சொல்லில்தான் தொங்குகிறது. போட் உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றியதால் கொம்பனிக்கு உங்கள் பெயர் போய்விடாது. உரிமம் அரசாங்கத்தோடு உள்ள அலுவல். ஆகவே, பழைய போட் வாங்கிய கிழமையிலேயே போட் கொம்பனிக்கும் இஞ்சின் கொம்பனிக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டு, இப்போது சொந்தக்காரர் நான், என் விலாசம் இது, என் போட்டின் இலக்கம் இது என்று பதிந்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை.

இலக்கம் என்றால் எது? போட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால் பின்பலகையின் வெளிப்புறத்தில், வலது மேல்மூலையில், 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை பதித்திருக்கும். அதுதான் ஹின் இலக்கம். முதல் மூன்று எழுத்து தயாரித்த கொம்பனியின் குறி. அடுத்த ஐந்தும் அந்தப் போட்டுக்கே உரிய தொடர் இலக்கம். ஒன்பதாவது எழுத்து செய்த மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். பத்தாவது, செய்த ஆண்டின் கடைசி எண். கடைசி இரண்டும் மொடல் ஆண்டு. 1984 ஆகஸ்டுக்குப் பிறகு செய்த போட்களில் இந்த ஒழுங்கைத்தான் காண்பீர்கள். எழுத்தின் உயரம் ஆறு மில்லிமீற்றர்தான் இருக்கும், அதன்மேல் பாசியும் மெழுகும் ஏறியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவாக விழும். விற்றவர் எழுதித் தந்த துண்டை மட்டும் நம்பவேண்டாம். மொடல் ஆண்டும் செய்த ஆண்டும் வேறாக இருப்பது வழக்கம். ரீகோல் பட்டியல் எந்த ஆண்டைச் சொல்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

இஞ்சினுக்கு வேறு இலக்கம். அவுட்போர்ட், அதாவது வெளியே பின்னால் தொங்கும் இஞ்சின் என்றால், போட்டில் பூட்டும் தாங்கியின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் இருக்கும். ஸ்டேர்ன் டிரைவ் என்றால் உள்ளே இருக்கும் இஞ்சின், பின்பலகையில் பூட்டிய தொகுதி, தண்ணீரில் நிற்கும் டிரைவ் என்று மூன்றுக்கும் தனித்தனி இலக்கம் இருக்கும். மூன்றையும் படம் எடுங்கள். எங்கட ஆக்கள் மறந்துபோகும் இன்னொன்று ட்ரெய்லர். அது சட்டப்படி வீதி வாகனம், அதற்குக் காரைப் போலவே 17 இலக்க வின் (வாகன அடையாள இலக்கம்) இருக்கிறது. அதன் ரீகோலை ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் வாகனப் பட்டியலில்தான் தேடவேண்டும். போட்டை அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ரீகோல் பட்டியலில் தேடுங்கள். இஞ்சினுக்கு, அந்தக் கொம்பனியின் அதிகாரபூர்வ டீலர் யாரிடமாவது இலக்கத்தைக் கொடுத்தால், செய்யாமல் கிடக்கும் திருத்தம் ஏதும் உண்டா என்று கணினியில் பார்த்துச் சொல்வார். போட்டுக்குள் கிடக்கும் தீயணைப்பான், உயிர்காப்பு அங்கி போன்றவற்றுக்கு ஹெல்த் கனடாவின் அறிவிப்புகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது, அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

தீயணைப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2017 நவம்பர் 2 அன்று கிடே நிறுவனத்தின் தீயணைப்பான்களுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்றாக ரீகோல் வந்தது. அங்கே சுமார் 3 கோடியே 78 லட்சம், இங்கே சுமார் 27 லட்சம். 1973 முதல் 2017 ஆகஸ்ட் 15 வரை செய்த பிளாஸ்டிக் கைபிடி வகையில் 134 மொடல்கள், அழுத்துப் பொத்தான் வகையில் 8 மொடல்கள். அடைத்துக்கொண்டு வேலை செய்யாமல் போகலாம், அழுத்த அளவுக்கு மீறிய பலம் வேண்டியிருக்கலாம், வாய்முனை கழன்று பறக்கலாம் என்பது அறிவிப்பு. 2014 இல் ஒரு கார் விபத்துத் தீயில், உதவிக்கு வந்தவர்களின் தீயணைப்பான் வேலை செய்யாமல் ஒருவர் இறந்ததாகவும் அதில் இருந்தது. தாமதமாக அறிவித்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க அந்த நிறுவனம் 2021 இல் 12 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது.

வருடம் பல போனாலும் பழைய போட் கைமாறும்போது இருக்கைக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பானும் சேர்ந்தே கைமாறுகிறது. யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எடுத்துப் பாருங்கள். கைபிடி பிளாஸ்டிக்கா? மொடல் பெயரைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 2007 இலிருந்து செய்தவற்றில் உருளையின் அடிப்பக்கம் பத்து இலக்கம் அச்சடித்திருக்கும். அதில் ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை உள்ளதுதான் திகதி. 15216 என்று இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 152 ஆவது நாள், அதாவது மே 31. திகதியே அச்சிடாமல் இருந்தால் அது 2007 க்கு முந்தியது. வேலை செய்யுதா பார்ப்பம் என்று கொஞ்சம் அடித்துப் பார்க்கவேண்டாம். ஒருமுறை திறந்தால் அமுக்கம் மெல்ல மெல்ல இறங்கிவிடும். மாற்றாக இலவசமாக வருவது வரட்டும், அதுவரை காத்திருக்காமல் அன்றைக்கே கடையில் ஒன்று வாங்கிப் போடுங்கள். பெற்றோல் தாங்கி நிலையாகப் பொருத்திய போட்டில் தீயணைப்பான் சட்டப்படியும் கட்டாயம்.

இனி, உங்கள் போட்டின் இலக்கம் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தும் வரைக்கும் ஓடலாமா? இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். பெற்றோல் தாங்கி, குழாய், காற்றுவழி சம்பந்தப்பட்ட ரீகோல் என்றால் இஞ்சினைத் தொடவே கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம் கூடியது. அது மேலே போகாமல் போட்டின் அடிவயிற்றில் தேங்கும். போட்டுக்குள்ளே இருக்கும் (இன்போர்ட்) இஞ்சினை இயக்குமுன் ஊதுவிசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிடவேண்டும் என்ற விதி நல்ல போட்டுக்கானது. ஒழுகும் போட்டில், விசிறியை நிறுத்திய கையோடு ஆவி திரும்பச் சேரும். தண்ணீரில் நிற்கிறது என்றால் பற்றரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். ஆனால் பெற்றோல் மணம் வந்தால் எந்த ஆளியையும் வயரையும் தொடாமல் ஆட்களை இறக்கிவிட்டு, மரீனாவுக்குச் சொல்லுங்கள். சுக்கான், அதன் கேபிள் பற்றிய ரீகோலுக்கும் அதே பதில்தான்: கரையில் நிற்கட்டும். எத்தனை பேர் ஏறலாம் என்ற தகட்டில் பிழை என்று வந்தால், புதிய கணக்குக்குள் ஆட்களைக் குறைத்துக்கொண்டு ஓடலாம். கோடை குறுகியதுதான், பிள்ளைகள் ஆசையோடு இருப்பார்கள்தான். என்றாலும் பெற்றோல் விஷயத்தில் ஒருநாள்கூட விட்டுக்கொடுக்கவேண்டாம்.

டீலரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஸ்காபரோவிலிருந்து போட்டை இழுத்துக்கொண்டு போனார். முன்மேசையில் இருந்தவர், "அந்த ரீகோல் அமெரிக்காவுக்குத்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அவருக்கு ரீகோல் இலக்கத்தோடு அறிவிப்பை அச்செடுத்துக் கொடுத்து, போட் கொம்பனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஹின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். கொம்பனி எழுத்தில் பதில் தந்தது. அதே மேசை, அதே ஆள், வேலைக்குத் திகதி குறித்துக் கொடுத்தார். ஆகவே தொலைபேசியில் கேட்டதோடு நிற்கவேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். விற்ற கடைக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை, அந்தக் கொம்பனிக்கு வேலை செய்யும் எந்த டீலரையும் கேட்கலாம். பொருளும் கூலியும் இலவசம் என்று வேலைச்சீட்டில் ரீகோல் இலக்கத்தோடு எழுதச் சொல்லுங்கள். தண்ணீரிலிருந்து தூக்கும் காசு, இழுத்துவரும் செலவு யார் தலையில் என்பதையும் போட்டை விடுமுன்னே கேட்டுவிடுங்கள். அதே பழுதை நீங்கள் முன்பே காசு கொடுத்துத் திருத்தியிருந்தால் பற்றுச்சீட்டின் பிரதியை அனுப்பித் திருப்பிக் கேளுங்கள்.

காலமும் முக்கியம். மே மாதத்தில் எந்தப் பட்டறையும் உங்களைக் கவனிக்காது, எல்லாருடைய போட்டும் ஒன்றாக இறங்கும் நேரம். ஒக்டோபரில் போட்டை ஏற்றிக் குளிர்காலத்துக்கு மூடும்போதே தேடிப் பார்த்து, அந்த மாதங்களில் திருத்த விடுங்கள்.

அந்தத் தம்பி என்னிடம் கேட்ட இன்னொரு கேள்வி: "அண்ணை, கொம்பனியே இல்லாமப் போட்டுது எண்டா ஆர் செய்யிறது?" நியாயமான கேள்வி. எவின்ரூட், ஜோன்சன் இஞ்சின்கள் செய்த ஓஎம்சி 2000 டிசம்பரில் வங்குரோத்து ஆனது. ஃபோர் வின்ஸ், கிளாஸ்ட்ரன் போன்ற போட் பெயர்களை எல்லாம் வைத்திருந்த ஜென்மார் கொம்பனி 2009 ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. பெயர்களை வேறு ஆட்கள் வாங்கினார்கள். பெயரை வாங்கியவர் பழைய போட்டின் பொறுப்பையும் வாங்கினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அத்தோடு அமெரிக்கச் சட்டத்தின் கடமையும் போட் செய்து பத்து ஆண்டு வரைக்கும்தான். அதற்குமேல் போனால் கேட்டுப் பார்க்கலாம், உரிமையோடு கேட்க முடியாது. அப்படி ஒரு போட் உங்களிடம் இருந்தால் ரீகோல் அறிவிப்பையே வேலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய், எந்த இணைப்பு, எதைக் கொண்டு மாற்றவேண்டும் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். அதைப் படகு மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து உங்கள் காசில் செய்யுங்கள். கார் கடையில் விற்கும் குழாயை மலிவென்று போடவிடாதீர்கள். போட்டுக்கென்று தரச்சான்று பெற்ற குழாய், தீயில் குறிப்பிட்ட நேரம் தாங்கும்படி செய்தது.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வேலைச்சீட்டு, கொம்பனியின் மின்னஞ்சல், இலக்கங்களின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு உரிமத்தோடு வையுங்கள். பிறகு போட்டை விற்கும்போது அந்த உறையை வாங்குபவர் கையில் கொடுத்து, அவருடைய பெயரையும் விலாசத்தையும் அவர் சம்மதத்தோடு நீங்களே கொம்பனிக்கு அனுப்பிவிடுங்கள்.