ஆங்கிலம் கற்க இணையப் பயிற்சிகள்: தேடுவதும் சோதிப்பதும்

ஒரு பயிற்சியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்கிறதா, நீங்களாக ஒரு வாக்கியம் பேசவோ எழுதவோ வைக்கிறதா? தமிழ் வழியில் படித்த பலரும் சொல்லும் குறை, “படிச்சா புரியுது, பேச வரலை” என்பது. விடையைத் தொடும் பயிற்சி, ஏற்கெனவே கைவந்த அந்த ‘புரியுது’ பக்கத்தையே மேலும் தேய்க்கும். இலவசச் செயலிகளில் இந்த வகை மலிந்து கிடப்பதற்குக் காரணம், தொட்டதைத் திருத்துவது கணினிக்குச் சுலபம் என்பதே. பேச்சையும் எழுத்தையும் திருத்துவது அதற்குக் கடினம்.

நிலை தெரிந்த பிறகு தேடல்

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில், தொடக்க நிலையிலிருந்து மேல்நோக்கி ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உண்டு. நல்ல தளங்கள் பாடங்களை இந்தப் பெயர்களில்தான் பிரித்து வைத்திருக்கும். கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் தளத்தில் இருக்கும் இலவசத் தேர்வை எழுதினால் உங்கள் படி தோராயமாகத் தெரியும். அது விடை தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால் பேச்சுத்திறனை அளக்காது. பி1 என்று வந்தால், பேச்சுப் பயிற்சியை மட்டும் ஏ2-வில் தொடங்குங்கள்.

தேடும்போது ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று மட்டும் தட்டினால் விளம்பரங்களும் ‘30 நாளில் சரளம்’ காணொளிகளுமே முன்னால் வரும். படி, திறன், வடிவம் மூன்றையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: ‘ஏ2 லிசனிங் டிரான்ஸ்கிரிப்ட்’, ‘பி1 ரைட்டிங் டாஸ்க்’ என்பதுபோல. டிரான்ஸ்கிரிப்ட் என்பது பேச்சின் எழுத்து வடிவம். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளமும் பிபிசி லேர்னிங் இங்கிலீஷும் நல்ல தொடக்கம். சிறுவர்களுக்கும், பெரியவர்களில் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளம் உதவும். அங்கே கதைகள் நான்கு படிகளாக இருக்கின்றன. பல கதைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து ஒப்பிடலாம்.

வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள்

புதிய செயலி ஒன்றைச் சோதிக்க இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து கேள்விகளுக்கும் தெரிந்தே தவறாக விடை கொடுங்கள். ‘தவறு, சரியான விடை இது’ என்று மட்டும் காட்டினால் அது தேர்வு, பாடம் அல்ல. ஏன் தவறு என்று ஒரு வரியாவது சொல்லி, சற்றுப் பொறுத்து அதே விஷயத்தை வேறொரு வாக்கியத்தில் மறுபடி கேட்டால் வைத்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பைத் திருத்துவதாகச் சொல்லும் செயலியை இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும். ‘ஃபேன்’ என்று கேட்கும் இடத்தில் ‘பேன்’ என்று சொல்லிப் பாருங்கள். முழு வாக்கியத்துக்குள் வைத்தும் சொல்லுங்கள், தனிச் சொல்லாகவும் சொல்லுங்கள். பல செயலிகள் வாக்கியத்துக்குள் வரும்போது பச்சைக் குறி போட்டுவிடும், ஏனென்றால் பேச்சைக் கேட்கும் மென்பொருள் முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்து ஊகித்துக்கொள்கிறது. தனிச் சொல்லிலும் தப்பைப் பிடிக்கவில்லை என்றால், உச்சரிப்புக்கு அதை நம்பாதீர்கள். தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலிகளில், அதாவது குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்குமான ‘பின்’ போன்றவற்றில், நமக்கு உதவி மிகவும் தேவை. அதற்குக் கேம்பிரிட்ஜ் அகராதியில் சொல்லின் ஒலியைக் கேட்டு, உங்கள் குரலையும் கைபேசியில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடுவதே மேல்.

யூடியூப் வகுப்பு என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதில் ஆங்கிலம் ஒலித்தது எத்தனை நிமிடம், உங்களைப் பேசச் சொல்லி இடைவெளி விட்டது எத்தனை முறை என்று எண்ணுங்கள். இலக்கண நுணுக்கத்தைத் தமிழில் விளக்குவது நல்லதுதான். ஆனால் ஆங்கிலம் இரண்டு நிமிடம்கூட வராவிட்டால், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஆங்கிலத்தைப் பற்றிய தமிழ்ப் பேச்சு. ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ போன்றவற்றை ஆசிரியரே சரியான வாக்கியமாகக் கற்பித்தால் வேறு வகுப்பைப் பாருங்கள். பேச்சில் எல்லோருக்கும் புரியும். தேர்வில் மதிப்பெண் போகும்.

வாசிப்பும் கேட்பதும்

வாசிக்க எடுத்த பகுதியில் முதல் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றை அடிக்கோடிடுங்கள். இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமல் ஓட்டமாக வாசிக்கலாம். ஐந்து வரை அகராதியோடு படிக்கலாம். பத்தைத் தாண்டினால் இப்போதைக்கு மூடிவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று படித்தால் கதையும் போகும், சொற்களும் நிற்காது.

கேட்கும் பயிற்சியில் டிரான்ஸ்கிரிப்ட் இல்லாத எதையும் எடுக்காதீர்கள். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ இதற்கு ஏற்றது: நீளம் ஆறு நிமிடம், பேச்சு முழுதும் எழுத்தில் கிடைக்கும். முதல் முறை எதையும் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு முப்பது வினாடியை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். கடைசியாக டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் பெரிய சொற்களாக இருக்காது. ‘ஆஃப்’, ‘டு’, ‘ஹேவ்’ போன்ற சிறு சொற்களும், வினையின் இறுதியில் வரும் ‘எஸ்’, ‘ஈடி’ ஒலிகளும்தான். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத சொற்கள் தேய்ந்து மறைவது நம் காதுக்குப் பழக்கமில்லை. திரையில் எழுத்தோடு காணொளி பார்க்கும்போது கண் முந்திக்கொள்கிறது, அதனால் இந்தக் குறை வெளியே தெரிவதே இல்லை.

எழுத்து, பணம்

எழுதியதைத் திருத்த, கேம்பிரிட்ஜின் ‘ரைட் அண்ட் இம்ப்ரூவ்’ இலவசம். தவறு இருக்கும் இடத்தைக் குறித்து, படியையும் சொல்லும். ஏஐ உரையாடல் செயலியிடம் கொடுப்பதானால், “தவறுகளை மட்டும் பட்டியலிடு, காரணம் சொல், நீயாக மாற்றி எழுதாதே” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அழகான முழுப் பத்தி ஒன்று வரும், உங்கள் தவறு எங்கே என்பது அதற்குள் காணாமல் போய்விடும்.

‘ஏழு நாள் இலவசம்’ என்ற திட்டத்தில் சேரும் அன்றே ரத்து செய்யும் வழியைக் கண்டுபிடித்து வையுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது; பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்து, யுபிஐ ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். உச்சரிப்புப் பயிற்சிக்கு மைக் அனுமதி தேவை, தொடர்பு எண்களின் பட்டியல் தேவையில்லை.

ஒரு நேரத்தில் இரண்டு பயிற்சிகளுக்கு மேல் வேண்டாம். ஒன்று கேட்க அல்லது வாசிக்க, மற்றொன்று பேச அல்லது எழுத. தொடங்கும் நாளில் ‘நேற்று என்ன செய்தேன்’ என்று ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதியுங்கள். இரண்டு வாரம் கழித்து, பழையதைக் கேட்காமலே, மறுபடி அதே தலைப்பில் பதிந்துவிட்டு மொத்தச் சொற்களையும், மூன்று வினாடிக்கு மேல் நின்ற இடங்களையும், ‘எ’, ‘தி’ விட்டுப்போன இடங்களையும் இரண்டிலும் எண்ணுங்கள். செயலி எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும், இந்த மூன்று எண்களில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் பேச்சுக்கான பயிற்சியை மாற்றிவிடுங்கள்.