ஜப்பானியத் தொல்லியலை மானிடவியல் நோக்கில் ஆராய்வது எப்படி

ஜப்பானியச் சமூகம் தன் தொல்பொருள்களை எப்படித் தோண்டுகிறது, எப்படிக் காக்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்று ஆராய வருபவர்கள் பெரும்பாலும் நாரா நகரத்துக் கோயில்களிலோ ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத் துறையிலோ தொடங்க நினைப்பார்கள். நடுத்தர அளவிலான ஒரு நகராட்சியின் கல்வி வாரியத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அந்நாட்டில் நடக்கும் அகழாய்வுகளில் மிகப் பெரும்பான்மையானவை ஆராய்ச்சிக் கேள்வியிலிருந்து பிறப்பவை அல்ல. சாலை, வீட்டுமனை, தொழிற்பேட்டை போன்ற வேலைகள் தொடங்குவதற்கு முன் அவசரமாக நடத்தப்படுபவை. கல்வி வாரியங்களிலும் மாகாண அகழாய்வு மையங்களிலும் பணிபுரியும் அலுவலர்களே அவற்றை நடத்துகிறார்கள்.

முதலில் சட்டத்தைப் படியுங்கள். 1949 ஜனவரியில் ஹோர்யூஜி கோயிலின் பொன் மண்டபத்தில் தீப்பிடித்துப் பழம்பெரும் சுவரோவியங்கள் கருகிய அதிர்ச்சியில், 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொல்லியல் இடம் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்ப விரும்புபவர் 60 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அகழாய்வுச் செலவைக் கட்டுமான நிறுவனமே ஏற்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த வழக்கம் சட்டத்தின் நேரடிக் கட்டளையால் அல்ல, அரசு அலுவலகம் ஒத்துழைப்புக் கேட்பதாலும் நிறுவனம் அதற்கு இணங்குவதாலும் நிலைத்திருக்கிறது. எனவே உங்கள் ஆய்வு குழியருகே மட்டும் நின்றுவிடக் கூடாது. அலுவலரும் நிறுவனப் பிரதிநிதியும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாட்களையும் செலவையும் பேசி முடிக்கும் மேசைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

களத்துக்குப் போகும் முன், அந்த நகராட்சி வெளியிட்ட அகழாய்வு அறிக்கைகளைப் படித்து முடியுங்கள். நாரா பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து பெருந்தொகையான அறிக்கைகளைத் திரட்டி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தொல்லியலாளர் பானையோட்டு வரைபடங்களைத் தேடிப் பக்கம் புரட்டுவார். நீங்கள் முதல் இயலிலேயே நின்று படிக்க வேண்டும். அகழாய்வு ஏன் தேவைப்பட்டது, யார் எப்போது விண்ணப்பித்தார், பேச்சுவார்த்தை எப்படி நகர்ந்தது, யார் யார் பணிபுரிந்தார்கள் என்பதெல்லாம் வறண்ட அலுவலக நடையில் அங்கே பதிவாகியிருக்கும். ஒரே ஊரின் பல்லாண்டு அறிக்கைகளில் இந்த இயலை மட்டும் வரிசையாகப் படித்தால், அந்த ஊர் எப்படி வளர்ந்தது, எதற்காக எதை இழந்தது என்பது தெளிவாகத் தெரியவரும். ஜப்பானிய மொழி தெரியாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. மொழிபெயர்ப்பாளரை நம்பி இறங்க வேண்டாம்.

களத்தில் நேரில் பார்க்க மிகச் சிறந்த நாள், பொதுமக்களுக்காக நடத்தப்படும் கள விளக்கக் கூட்டம். அகழாய்வு முடியும் தறுவாயில், பெரும்பாலும் வார இறுதியில், அது நடக்கும். அலுவலர் ஒலிபெருக்கியுடன் குழியின் விளிம்பில் நின்று விளக்குவார். தூண் நட்ட குழிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்திருப்பார்கள். கழுவிய ஓடுகள் மேசைமேல் வரிசையாக இருக்கும். அலுவலர் சொல்வதைக் காட்டிலும் வந்தவர்கள் கேட்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இதை அப்படியே வைத்திருப்பீர்களா?' என்று கேட்கப்படும்போது பதில் எப்படி வருகிறது என்று கூர்ந்து கவனியுங்கள், ஏனெனில் பெரும்பாலான இடங்கள் பதிவு செய்யப்பட்ட பின் அழிந்துவிடும். எஞ்சுவது அந்த அறிக்கையும் பெட்டிகளில் அடுக்கிய பொருள்களும்தான். மண்ணைச் சுரண்டி எடுக்கும் தொழிலாளர்களில் உள்ளூர் முதியவர்கள் பலர் உண்டு. அந்த நிலத்தில் முன்பு பயிரிட்டவர்களும் அவர்களிடையே இருக்கக்கூடும் என்பதால், இடைவேளைத் தேநீரின்போது அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

குழி மூடப்பட்டதோடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். மண்ணிலிருந்து எடுத்த பொருள்களைச் சட்டப்படி கண்டெடுத்த பொருளாகக் காவல் நிலையத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பானை, யாரோ தொலைத்த குடையைப் போலவே, முதலில் உரிமையாளர் தெரியாத பொருளாகப் பதிவாகிறது. பண்பாட்டுச் சொத்து என்று அறியப்பட்ட பிறகே மாகாணத்தின் உடைமையாகிறது. பின்னர் ஒவ்வொரு ஓட்டின் மீதும் இடத்தின் சுருக்கக் குறியீட்டையும் எண்ணையும் நுண்ணிய எழுத்தில் எழுதுவார்கள். இந்த வேலை நடக்கும் அறையில் சில வாரங்கள் உடனிருந்து எழுத அனுமதி கேளுங்கள். நேர்காணலில் கிடைக்காத உரையாடல்கள் அங்கே கிடைக்கும்.

காப்பாற்றப்பட்ட இடங்களையும் ஒப்பிடுங்கள். சாகா மாகாணத்து யோஷினோகாரியில் தொழிற்பேட்டைக்காக 1986இல் தொடங்கிய அகழாய்வு, நெல் வேளாண்மை பரவிய யாயோய் காலத்தைச் சேர்ந்த, அகழி சூழ்ந்த பெரிய குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது. பேட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. அவோமோரியின் சன்னாய் மருயாமாவில் பேஸ்பால் மைதானத்துக்கான வேலை 1994இல் நிறுத்தப்பட்டது. யாயோய்க்கு முந்தைய ஜோமோன் காலத்தைச் சேர்ந்த அந்தக் குடியிருப்பு 2021இல் உலக மரபுச் சின்னங்களின் ஒரு பகுதியானது. இவை பரவலாக அறியப்பட்ட வெற்றிகள். அதே ஆண்டுகளில் சத்தமின்றி மறைந்த இடங்கள் எவை, எதற்கு மக்கள் திரண்டார்கள், எதற்குத் திரளவில்லை என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். 1953இல் ஒகயாமாவின் சுகினோவா மேட்டுக்கல்லறையை உழவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தோண்டிய வரலாறு, அத்தகைய ஈடுபாட்டின் பழைய வேர்களைக் காட்டும்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. பேரரசர்களுக்கு உரியவையாகக் கருதப்படும் மேட்டுக்கல்லறைகளைப் பேரரசு இல்ல முகமை நிர்வகிக்கிறது. சகாய் நகரத்து டைசென் கல்லறை 2019இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகும் பார்வையாளர்கள் அகழிக்கு அப்பால்தான் நிற்க முடியும். வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள பூர்வகுடிகளான ஐனு மக்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துச் சென்றனர். சில சமூகங்கள் வழக்குத் தொடுத்தே தம் முன்னோரை மீட்டன. நம் துறையின் முன்னோடிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால், அங்கே ஆய்வுத் திட்டத்தைத் தாமே முடிவு செய்துகொண்டு போகாமல், அச்சமூகத்தினர் எதை ஆராய வேண்டுமென்று விரும்புகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எழுதும்போது, அலுவலரின் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சிறு நகராட்சியில் தொல்லியல் அலுவலர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அகழாய்வு நடந்த ஆண்டையும் ஊரையும் சொன்னாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம், கட்டுமான நிறுவனத்தோடு பேசியதைப் பற்றி அவர் மனம்விட்டுச் சொன்னது அவருடைய பணியைப் பாதிக்கும். எனவே ஊரையும் ஆண்டையும் மாற்றி, வரைவை ஜப்பானிய மொழியில் சுருக்கி அவரிடமே காட்டி, அவர் நீக்கச் சொல்லும் பகுதிகளை நீக்கிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.