மஞ்சளுக்கு எருவும் மூட்டை உரமும்

சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். கிணற்றுப் பாசனம், சுண்ணாம்பு கலந்த செம்மண். ஒன்றரை அடி தோண்டினால் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல், கடப்பாரையில் தட்டும். புதிதாக மஞ்சள் போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "யூரியா எத்தனை மூட்டை?" நான் திருப்பிக் கேட்பது, "எரு எத்தனை லோடு வைத்திருக்கிறீர்கள்?"

ஏக்கருக்குப் பத்து டன் தொழுவுரம் வேண்டும், அதுவும் நன்றாக மக்கியது. பிசைந்தால் சாணி வாடை போய் மண் வாசம் வரணும்; குப்பைக்குள் கைவிட்டால் சூடு இருக்கக் கூடாது. ஒரு வருஷம் அவசரத்தில் பச்சை எருவை இறைத்து உழுதுவிட்டோம். ஆவணியில் அங்கங்கே செடி வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் வெள்ளைப்புழு. எரு பற்றாத வருஷம் சித்திரையில் ஆட்டுப்பட்டி போடுவோம், அதாவது ராத்திரியில் ஆடுகளை நிலத்திலேயே அடைப்போம். அப்பாரு காலத்துப் பழக்கம். பட்டி நகர்ந்ததும் உழுதுவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் மூத்திரத்தின் சத்து ஆவியாகிவிடும்.

கடைசி உழவில் 80 கிலோ வேப்பம் புண்ணாக்கு. சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை, அதாவது 150 கிலோ, முழுவதையும் அடியிலேயே போடணும். அதில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது, மேலே தூவினால் வேருக்கு எட்டாது. சுண்ணாம்பு மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எருவோடு கலந்து போட்டால் அந்தப் பிடி தளரும்.

யூரியா 45 கிலோ மூட்டை மூன்று போதும். ஆனால் ஆறு தவணை. நடும்போது அரை மூட்டை, அப்புறம் 30, 60, 90, 120, 150ஆம் நாட்களில் அரை அரை மூட்டை. ஒவ்வொரு தடவையும் கூடவே 12 கிலோ பொட்டாசு. நான் ஒரு தடவை முதல் இரண்டு மாசத்திலேயே இரண்டு மூட்டையைக் கொட்டினேன். இலை நெஞ்சு உயரம் வளர்ந்தது, பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். தையில் வெட்டினால் விரலி, அதாவது விரல் மாதிரி கிளைத்த கிழங்கு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. ஒன்பது மாசப் பயிர், அதன் பசி முதல் இரண்டு மாசத்தோடு தீராது.

யூரியாவைத் தூவிவிட்டுப் போகாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் அது அம்மோனியாவாகி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி உங்கள் காசு. செடி நிற்கும் மண்மேடான பாரின் ஓரமாகப் போட்டு, மண் அணைத்து, அன்றைக்கே தண்ணீர் கட்டுங்கள்.

எங்கள் பக்கம் அதிகம் ஏமாறுவது இன்னொரு இடத்தில். ஆடி, ஆவணியில் குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உடனே யூரியாவைக் கூட்டுவார்கள். யூரியா தரும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். குருத்து வெளுத்தால் அது இரும்புக் குறை. அடியுரத்திலேயே 12 கிலோ அன்னபேதியை (இரும்பு சல்பேட்) எருவோடு கலந்து போட்டுவிடுங்கள். பிறகும் வெளுத்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கலாம். அதேபோல அடியில் துத்தநாக சல்பேட் 6 கிலோ. அதை சூப்பர் பாஸ்பேட்டோடு மட்டும் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் நாலு நாலு கிலோ, எருத்தூளில் கலந்து. மூட்டை உரத்துக்கும் இதற்கும் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

150 நாள் தாண்டியதும் யூரியாவை நிறுத்திவிடணும். பக்கத்துத் தோட்டத்தில் இலை கரும்பச்சையாக நின்றாலும் சரி, நீங்கள் போடாதீர்கள். அதற்குப் பிறகு கிழங்கு பருக்கிற காலம். தழைச்சத்துக் கொடுத்தால் செடி இலையைத்தான் வளர்க்கும்.