மாரிக்கு முன் வளவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: டெங்கு நுளம்பை முட்டையிலேயே தடுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், பக்கத்து வீட்டில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த பழைய தயிர்ச்சட்டியைக் கையில் எடுத்தார். "நேத்துத்தானே தம்பி தண்ணிய மாத்தின நான்" என்றார் வீட்டுக்கார அம்மா. பரிசோதகர் மறுத்துப் பேசவில்லை. தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தை வெயிலில் சரித்துக் காட்டினார். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, மிளகுத்தூளை ஒட்டிவைத்ததுபோலக் கறுப்பாகச் சில புள்ளிகள் தெரிந்தன. அந்த அம்மா செம்பில் தண்ணீர் எடுத்து இரண்டு முறை அலசிப் பார்த்தார், ஒன்றும் உதிரவில்லை. தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் அவை போயின. டெங்கு நுளம்பின் முட்டைகளை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்தச் சட்டியில் கண்டதைத்தான். தண்ணீரைக் கொட்டுவது பாதி வேலை. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்ப்பதே மீதிப் பாதி. ஈடிஸ் எனப்படும் இந்த நுளம்பு தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயுள்ள ஈரமான சுவரில் ஒட்டிவிடுகிறது. அதுவும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இடாமல், நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடுகிறது. தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். கோடை முழுவதும் வேலியோரத்தில் காய்ந்து கிடந்த சட்டியில் ஐப்பசி மழை நிரம்பி, தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் அவை பொரிக்கின்றன. பொரித்தது முதல் பறக்கும் நுளம்பாக வெளியேறுவது வரை நமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். ஆகவே கிழமைக்கு ஒரு முறை, தவறாமல் ஒரே நாளில், வளவைச் சுற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாட்களுக்கு ஒரு முறை பார்க்கும் வீட்டில் நுளம்பு முந்திக்கொள்ளும்.

தொடங்கவேண்டிய காலம் புரட்டாதி. நாட்டின் தென்மேற்கில் யூன், யூலை மாதங்களில் டெங்கு ஏறுவதுபோல, வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை நோயாளர் தொகை கூடுகிறது. மழை விழுந்த பின்னர் தேடத் தொடங்கினால், முதலாவது தலைமுறை நுளம்புகள் ஏற்கெனவே பறந்திருக்கும்.

தேடுவதற்கு முன், எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஈடிஸ் நுளம்பு கறுப்பு நிறம். கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். ஈடிஸ் எஜிப்டி என்ற இனத்தின் முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் உண்டு. ஈடிஸ் அல்போபிக்டஸ் இனத்தின் முதுகில் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இரண்டுமே டெங்கையும் சிக்குன்குனியாவையும் பரப்புகின்றன. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் வீட்டுக்கு வீடு மூட்டுவலியோடு மக்களைப் படுக்கவைத்த சிக்குன்குனியாவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இவை கடிப்பது பகலில்தான், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய நேரத்திலும் அதிகம். இரவில் காதருகே இரைந்து தூக்கத்தைக் கெடுக்கும் நுளம்பு பெரும்பாலும் அழுக்குக் கானில் பெருகும் கியூலெக்ஸ். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் இனங்கள் மூளைக் காய்ச்சலைப் பரப்பக்கூடியவை என்றாலும், டெங்குக்கு அவை காரணமல்ல. மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்துவிட்டது. எனவே டெங்குக்குப் பயந்து வாவியையும் வயலையும் வீதிச் சேற்றையும் நோவதில் பயனில்லை. நுளம்பு நமது வளவுக்குள்ளேயே, ஓரளவு சுத்தமான தண்ணீர் தேங்கிய பாத்திரத்தில் இருக்கிறது. தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் ஓரிரு நூறு மீற்றருக்கு அப்பால் அது போவதுமில்லை.

சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு டோர்ச், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பை, தும்பு அல்லது பிரஷ், ஒரு வாளி ஆகியவை போதும். முட்டையிலிருந்து வரும் புழுக்களான குடம்பிகள் நிழல் பட்டவுடன் அடியில் மறைந்துவிடும் என்பதால், குனிந்து பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிமிரக் கூடாது. கோப்பையால் ஒரே வீச்சில் அள்ளிச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் அவை நெளிந்து மேலே வருவது தெரியும். அள்ளிய தண்ணீரைக் கானுக்குள் ஊற்றாமல் வெறும் மணலில் ஊற்ற வேண்டும். கடலோரமான எழுவான்கரையின் மணல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும்; குடம்பிகள் அங்கேயே காய்ந்து சாகும்.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் வெளியே தொடங்குபவர்கள் களைத்துப்போய் உள்ளே பார்ப்பதேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், தண்ணீர் வடிந்து சேரும் தட்டு இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து வெளியே இழுத்துப் பார்க்காதவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். போத்தலில் வளர்க்கும் மணி பிளான்ட், சாமித் தட்டில் பூப் போட்ட சட்டி, அலுமாரிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் வைத்த கிண்ணம், பாவிக்காத மலசலகூடத்தின் தண்ணீர்ப் பெட்டி ஆகியவற்றையும் பாருங்கள். மணி பிளான்ட் போத்தலின் தண்ணீரை மாற்றும்போது வேர்களையும் கழுவ வேண்டும், முட்டை வேரிலும் ஒட்டியிருக்கும். பூச்சாடித் தட்டுக்கு மணல் நிரப்பிவிட்டால் அந்தத் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

வெளியே சிரட்டை, இளநீர்க் கோம்பை, கமுகம் பாளை, யோகட் கோப்பை, டயர் என்று எல்லோரும் அறிந்தவற்றைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அவற்றைப் பொறுக்கி, பாவிக்கக்கூடியதைக் கவிழ்த்துவைத்து, மற்றதைக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மறந்துபோவது தலைக்கு மேலேயுள்ளவைதான். மாவிலையும் வேப்பிலையும் அடைத்த கூரைப் பீலி, தண்ணீர் வடியாத சீமெந்துத் தட்டு, மூடி காற்றில் பறந்துபோன தண்ணீர்த் தாங்கி ஆகிய மூன்றையும் ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க முடியும். தாங்கியில் மேலதிகத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயிலும் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கட்டிவிடுங்கள்.

கிணறுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது கரையோர வீடுகளில் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு, கைவிட்ட கிணறுகள் பல பின் வளவில் கிடக்கின்றன. "அது உவர்த் தண்ணி, நுளம்பு வராது" என்று பலர் நம்புகிறார்கள். இலங்கைக் கரையோரத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று இந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது. பாவிக்காத கிணறுகளிலும், எறிந்த போத்தல்களிலும், கைவிட்ட மீன்பிடிப் படகுகளிலும், லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரில் ஈடிஸ் குடம்பிகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. எறும்புக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும். 15 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. அவ்வளவு போட்ட தண்ணீரிலும் குடம்பி வளரும். பாவிக்கும் கிணற்றுக்கு வலை மூடி போட்டுக் கப்பி மீன்களை விடலாம். கோயில் தடாகத்துக்கும் பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்கும் கூட இந்த மீன்களே சிறந்த காவல். பாவிக்காத கிணற்றை மண்ணிட்டு மூடிவிடுவது நல்லது. முடியாவிட்டால், மருந்து இடுவதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கரைவாழ் மக்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது தோணிகளையும் பைபர் படகுகளையும் கரையில் ஏற்றிவைப்பது வழக்கம். ஏற்றிய படகு நிமிர்ந்தே கிடந்தால், ஒரு மழையில் அதன் அடியில் வாளிக்கணக்கில் தண்ணீர் நிற்கும். கவிழ்க்கக்கூடியதைக் கவிழ்த்துவிடுங்கள், முடியாததற்குத் தண்ணீர் வடியும் துளையை அடைத்திருக்கும் அடிக்கட்டையைக் கழற்றிவைத்து, சாய்வாக நிறுத்துங்கள். மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டிகளையும் மறக்க வேண்டாம்.

பூட்டிய வீடுகள்தான் உண்மையில் பெருந்தலைவலி. உரிமையாளர் கட்டாரிலோ கனடாவிலோ இருப்பார். சாவி சித்தப்பா வீட்டில் இருக்கும். சித்தப்பா பொங்கலுக்கு மட்டும் வந்து கதவைத் திறப்பார். இத்தகைய வீட்டின் மலசலகூடக் கோப்பையை ஒரு பொலித்தீனால் இறுகக் கட்டி, தண்ணீர்ப் பெட்டியை வெறுமையாக்கி, தாங்கியின் மூடியை இறுக்கிவைக்கும்படி உறவினரிடம் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குபவர்கள், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்பதை நினைவூட்டலாம். அந்தச் சட்டத்தை விடவும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பேச்சு வேகமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

வெள்ளம் வந்து வடிந்த பிறகு பலர் புகை அடிக்கும்படி கேட்கிறார்கள். ஓடும் வெள்ளம் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும்; ஆபத்து, அது விட்டுச்செல்லும் டப்பாக்களிலும் பள்ளங்களிலும் அடுத்த மழையில் நிரம்பும் தண்ணீரில்தான். புகையோ பறந்துகொண்டிருக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். சட்டியிலுள்ள முட்டையையும் குடம்பியையும் அது தொடாது. நோயாளர் ஒருவர் இருக்கும் வீட்டைச் சுற்றி, ஏற்கெனவே கிருமி ஏறிய நுளம்புகளைக் கொல்வதற்கு அது உதவும். அப்போது கதவு, யன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். மணம் பிடிக்காமல் சாத்திவைத்தால் உள்ளேயிருக்கும் நுளம்பு தப்பிவிடும்.

இவ்வளவும் செய்தும் காய்ச்சல் வந்தால், அது தொடங்கிய நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், உடல் எடைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்லோபெனக், மெபனமிக் அமிலம் ஆகியவை இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடியவை என்பதால், உடம்பு எவ்வளவு நொந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்புச்சர்க்கரைக் கரைசல்) ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்ப்பது நல்லது. வாந்தியில் தெரிவது பானமா இரத்தமா என்று பிறகு திகைக்க வேண்டியிருக்கும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் தணியாவிட்டால் மூன்றாம் நாளுக்குள் முழுமையான இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கர்ப்பிணியானால் முதல் நாளே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

என் தங்கையின் மகனுக்கு வந்தபோது நாங்கள் விட்ட பிழை இதுதான்: நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது, பிள்ளை தப்பிவிட்டான் என்று எல்லோரும் ஆறுதலாக இருந்தோம். பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான்; கைகால்கள் சில்லிட்டிருந்தன. டெங்கில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியும் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் பிழைத்தது, அன்றிரவே வைத்தியசாலையில் சேர்த்ததால்தான். தொடர்ந்த வாந்தி, கடும் வயிற்றுவலி, முரசிலிருந்து இரத்தம், சோர்ந்து கிடத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்றையேனும் கண்டால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். முன்பு ஒரு முறை டெங்கு வந்தவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. இரண்டாம் முறை வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

நோயாளி வீட்டிலிருக்கும் முதல் ஐந்து நாட்களும் அவரைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவையுங்கள். அந்நாட்களில் அவரைக் கடிக்கும் நுளம்புதான், எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் கழித்து அடுத்தவருக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது வளவில் ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே வந்து குளிர்சாதனப் பெட்டியை முன்னே இழுத்து, பின்புறத் தட்டில் டோர்ச் அடித்தார்.